தோற்றவர் கையில் உள்ள மாலை

ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சிக்குள் தேர்ந்தெடுக்கும் நாளில், போட்டியிடும் இருவரும் ஆளுக்கொரு மாலையோடு மேடையில் நிற்க வேண்டும். தோற்றவர் தன் மாலையை வென்றவருக்குப் போட வேண்டும். எழுதி வைக்காத வழக்கம் இன்னொன்றும் உண்டு: தன் ஓட்டை எதிராளிக்கே போடுவது. தவமணி அப்படித்தான் போட்டிருந்தாள்.

மூன்றாம் முறை எண்ணியும் ஒரே ஒரு ஓட்டில் தோற்றாள். கைதட்டலுக்கு நடுவே, இருபது வருடமாக அண்ணன் என்று அழைத்துவந்த சிவஞானத்தின் முன்னால் போய் நின்றாள். அவர் தலையைக் குனிந்தார். மாலையின் ஈர நார் அவள் விரல்களை அறுத்தது.

“உங்க ஓட்ட யாருக்குப் போட்டீங்கண்ணே?” என்று மெல்லக் கேட்டாள்.

அவர் நிமிரவில்லை. “மாலையப் போடும்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

கைதட்டல் ஓய்ந்தது. மாலை அவள் கையிலேயே இருந்தது. அவர் குனிந்தே நின்றார்.