மழை வாசம்

ஆடி வெள்ளி என்று, மருத்துவமனை தந்த மண்தொட்டிக்கு ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள் குமுதவல்லி. கணவர் ஏகாம்பரத்தின் புற்றுக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சுரப்பவை அந்த மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள். அவர் ஒருவருக்காகவே வளர்த்தவை. மாற்றுத் தொட்டி கிடையாது. அவை உயிரோடு இருக்கும்வரை மண்ணில் மழை வாசம் வீசும். நோய் வந்ததிலிருந்து ஏகாம்பரத்துக்கு வாசனையே தெரிவதில்லை. தினமும் முகர்ந்து பார்ப்பது அவள் வேலை.

மறுநாள் காலை குனிந்தாள். மஞ்சள்தான் மணத்தது. புண்ணில் கிருமி சாகட்டும் என்று காலமெல்லாம் அவள் பூசிவந்த அதே மஞ்சள்.

"என்ன குமுதா, மழை வாசம் வருதா?" மருந்துக் கரண்டியோடு வந்து நின்றார் ஏகாம்பரம்.

"வருதுங்க."

அவரும் குனிந்து மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது.

"எனக்கே லேசா வர்ற மாதிரி இருக்குடி!"