மக்னோலியாவுக்கு மூச்சுத் திணறல்

"நூறு வருசத்து மரம். இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் வேலை போயிரும், தெரியுமா?" என்றார் ஜீவராஜ்.

டிக்கோயாவுக்கு மேலே, பழைய துரை பங்களாவை உல்லாசப் பயணிகள் விடுதியாக்கி நடத்தும் மனேஜர் அவர். எதிரே கையில் விளக்குமாறுடன் நின்றாள் காளியாயி. பங்களாத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்குபவள். பக்கத்தில் மக்னோலியா மரம். அதன் கீழ்க்கிளை இலைகள் எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன.

"ஒரு மாசமாத்தாங்க தொரை இப்படி. பாவம், சோறு தண்ணி எறங்காத ஆளு மாதிரி நிக்குது."

ஜீவராஜின் மனம் உருகிவிட்டது. மதிலுக்குக் கீழேதான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயம். போன மழைக்குக் காளியாயி வீட்டுச் சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்தபோது உருகாத மனம் அது. அடுத்த மழைக்குச் சுவர் தன் மகள் ஷாமிலா மேலும் அவள் கைக்குழந்தை மேலும் விழுந்துவிடும் என்று ஒன்பது மனு கொடுத்திருந்தாள். ஒன்பதுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். இத்தனைக்கும் லயத்து ஐந்து குடும்பங்களுக்கென்று மேட்டில் ஐந்து புது வீடுகள் கட்டி முடித்தாயிற்று. ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனிதருக்கு நேரம் வாய்க்காததால் ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடந்தன. சாவி ஜீவராஜிடம்.

மரத்துக்கோ மறுநாளே கண்டியிலிருந்து வாகனம் வைத்து ஒரு நிபுணர் வந்து இறங்கினார். டொக்டர் குகநேசன். காளியாயி மூன்று வாரம் இருமியபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் தலையை நிமிர்த்தாமலே பெனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். நாக்கை நீட்டச் சொல்லாததுதான் குறை.

கடைசியில் ஓர் இலையை விரலால் தேய்த்தார். கறுப்பு ஒட்டியது. மோந்து பார்த்தார்.

"கரும்பூஞ்சைதான். ஆனா புகை மணக்குது, கவனிச்சனீங்களோ? கீழ ஆரோ விறகு எரிக்கினம். அந்தப் புகை படிஞ்சு மரத்துக்கு மூச்சு முட்டுது."

"மருந்து அடிக்கலாமா டொக்டர்?"

"புகை நிக்காமல் என்ன அடிச்சும் பிரயோசனம் இல்லை. லயத்தைக் காலி பண்ணுங்கோ. இல்லாட்டி மரத்தை மறந்திடுங்கோ."

விடுதியின் விளம்பரப் படம் ஒவ்வொன்றிலும் நிற்கிற மரம். மறக்க முடியுமா? ஜீவராஜ் காளியாயியை முறைத்தார்.

"கேட்டியா? எல்லாம் உங்க அடுப்பாலதான்."

"தப்புதாங்க தொரை. வேணும்னா இனி சமைக்காம இருந்துக்கிறோம். இருக்கிற எடத்த விட்டு மட்டும் கெளப்பிறாதீங்க."

"இந்தக் கதையெல்லாம் வேணாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள அஞ்சு குடும்பமும் மேட்டு வீட்டுக்குப் போயிரணும்."

மனிதருக்காக ஒன்றரை வருடம் அசையாத பூட்டுகள் மரத்துக்காக ஒரே நாளில் திறந்துகொண்டன. ரிப்பன் இல்லாமலே கதவுகள் நன்றாகத்தான் திறந்தன.

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்த ஷாமிலாவுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது.

"ஏம்மா, மரம் நல்லாயிருச்சுன்னா நம்மள மறுபடி லயத்துக்கே போகச் சொல்லிருவாங்களா?"

விரிசல் இல்லாத சுவரோரம் பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் காளியாயிக்கு மனசு நிறைந்து போயிருந்தது.

"வீட்டு உறுதிப் பத்திரம் நம்ம கைக்கு வர்ற வரைக்கும் அது நல்லாகாது," என்ற காளியாயி, ஐந்து வீட்டுச் சட்டிகளிலும் சுரண்டி எடுத்த கரியைத் தேங்காயெண்ணெயில் பதமாகக் குழைத்து, மறுநாள் இலைகளில் பூசுவதற்காக டின்னில் போட்டு மூடினாள்.