உப்புத் தண்ணி

“பூட்டின ரூமோட வீட்டக் காட்டினா விக்காது சார்” என்றாள் பிரீத்தி.

வீட்டுக்காரர் பிரபாகர் சாவியை எடுக்கவில்லை. “அது ஸ்டோர் ரூம்மா. வேணாமே.”

“இந்தப் பக்கத்து ஜனங்க எப்பிடின்னு உங்களுக்குத் தெரியாதா? ரூம் பூட்டிக் கெடந்தா, யாரோ ஆகாத நட்சத்திரத்துல செத்துப்போய் ஆறு மாசம் அடைச்சு வெச்ச ரூமுன்னு பேசுவாங்க. அப்புறம் ஒருத்தரும் வாசப்படி ஏறமாட்டாங்க.”

பிரபாகர் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

விற்கப்போகிற வீட்டை, வாங்க வருகிறவர் கண்ணுக்கு நிறைவாக ஜோடித்துக் கொடுப்பதுதான் பிரீத்தியின் வேலை. திருப்பதியில் சின்னதாக ஒரு ஆபீஸ். சித்தூரில் இதுதான் முதல் வீடு. இது விலைபோனால் இன்னும் நாலு வீடு தருவதாகப் புரோக்கர் சொல்லியிருந்தார். போகாவிட்டால் ஆபீஸை மூடிவிட்டு ரேணிகுண்டாவில் அக்கா வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான்.

நல்ல வீடுதான். ஆனால் சுவரில் ஒரு போட்டோ இல்லை. ஹாலில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றில் பிரபாகரின் மனைவி இந்திராணி உட்கார்ந்திருந்தாள். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

“வர்றவங்க கிட்ட ஒரு வார்த்த சிரிச்சுப் பேசுங்கக்கா. வீடு சீக்கிரம் போவும்.”

அதற்கும் தலையாட்டல்தான்.

குழந்தை இருக்கிற வீடு சட்டென்று விலைபோகும். இது பிரீத்தி தொழிலில் கண்டது. பூட்டியிருந்த ரூமுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். வாடகைக்கு எடுத்துவந்த சின்னக் கட்டில், சின்ன சைக்கிள், ஆணியில் ஒரு ஸ்கூல் பை. வாசலில் ஏழு வயசுப் பையன் போடுகிற நீலச் செருப்பு ஒரு ஜோடி.

இந்திராணி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, கோணலாகக் கிடந்ததை நேராக வைத்தாள்.

மூணாம் நாள் நாகபூஷணமும் அவர் சம்சாரம் சுந்தரம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள்.

“இல்லு பாகுந்தி, வீடு நல்லா இருக்குது. வெளிச்சம் நல்லா வருது” என்றார் நாகபூஷணம்.

சுந்தரம்மா மஞ்சள் ரூமுக்குள் போய் சைக்கிள் மணியை ஒரு தட்டுத் தட்டினாள். “பையன் எங்கம்மா? ஸ்கூலுக்குப் போய்க்கிறானா?”

பிரீத்தி வாயைத் திறப்பதற்குள் இந்திராணி சொன்னாள்.

“நாலு மணிக்கு வந்துடுவான்.”

“வந்ததும் என்ன துன்னுவான்?”

“பால்ல பிஸ்கட் தொட்டுத் துன்னுவான். வேற எதுவும் தொடமாட்டான்.”

அழுத்தக்காரிதான் என்று நினைத்துக்கொண்டாள் பிரீத்தி. இத்தனை நாள் வாய் திறக்காதவள், வீடு விலைபோகிற நேரத்தில் எத்தனை சுலபமாகப் பொய் சொல்கிறாள்.

நாகபூஷணத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. “வெள்ளிக்கெழம நாளு நல்லா இருக்குது. அட்வான்ஸ் குடுத்துடட்டா?”

அப்போதுதான் பிரபாகர் தொண்டையைச் செருமினார். “ஒண்ணு சொல்லிடறேன் சார். போர் தண்ணி உப்பு. பருப்பு வேகாது.”

“உப்பா?”

“மழ பேஞ்சா பின் சுவத்துல ஓதமும் ஏறும்.”

வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் வேலூரிலிருந்து ஒரு பேங்க்காரர் வந்தார். அவருக்கும் அதே உப்பு, அதே ஓதம். புரோக்கர் போனில் பிரீத்தியைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மறுநாள் மூணரை மணிக்கு வந்தவள், யாரிடமும் பேசாமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தாள். இளநீர் மாதிரி இருந்தது. டம்ளரோடு வந்து பிரபாகர் எதிரே நின்றாள்.

“இதுல எங்க சார் உப்பு? விக்க இஷ்டமில்லன்னா என்ன எதுக்குக் கூப்ட்டீங்க? இல்ல, கமிஷன் மிச்சம் புடிக்கத் தனியா வேற ஆளு பாத்துக்கினீங்களா?”

அவர் அவளை வாசலுக்கு அழைத்துவந்தார். நீலச் செருப்பு அன்றைக்கும் நேராக இருந்தது.

“அன்னிக்கு நீ சொன்னது நெஜம்தாம்மா. அது அடைச்சு வெச்ச ரூம்தான். பையன் தவறின நட்சத்திரம் ஆகாததுன்னு, ஆறு மாசம் வீட்டையே மூடிட்டு வெளிய இருந்தோம். அவன் சாமானெல்லாம் குடுத்துடச் சொன்னாங்க. குடுத்துட்டோம். திரும்பி வந்தும் அந்த ரூமை மட்டும் தொறக்கல. ஒன்றரை வருஷமா இவ ஒரு வார்த்த பேசல. அதான் வித்துட்டுப் போயிடலாம்னு பாத்தேன்.”

பிரீத்தி டம்ளரை வாசப்படியில் வைத்தாள். “எனக்குத் தெரியாது சார். இப்பவே எல்லாத்தையும் எடுத்துடறேன்.”

“எடுக்காதம்மா. அதத்தான் கேக்கறேன். அன்னிக்கு அந்த அம்மா கிட்டச் சொன்னாளே, அதான் இவ பேசின மொத வார்த்த. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

உள்ளே பால் காய்கிற வாசனை வந்தது. நாலு மணிக்கு இந்திராணி ஒரு சின்ன டம்ளரும் ரெண்டு பிஸ்கட்டுமாக வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து நின்றாள். ஸ்கூல் ஆட்டோ ஒன்று நிற்காமல் போனது. கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைப் பிரீத்தியிடம் நீட்டினாள்.

“ஆறிப்போவும். நீ குடிச்சிடும்மா.”

பிரீத்தியின் போன் அடித்தது. புரோக்கர் அனுப்பிய ஆள். வீட்டைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டார்.

பிரீத்தி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எப்ப வேணா வாங்க சார். ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இங்க போர் தண்ணி உப்பு.”