ஐந்து மணிக்குள் ஒரு ரிப்பேர்

ரிப்பேருக்கு ஃபோன் செய்து ஒரு மணி நேரமாகியிருந்தது. பெல் அடித்ததும் சுந்தரவல்லி, “ஜல்தி, பையா” என்று ஹிந்தியில் அவசரப்படுத்தி, வாசலில் நின்ற இளைஞனை நேராக வாஷிங் மெஷினிடம் அழைத்துப் போனாள். பெண் பார்க்க ஐந்து மணிக்கு வருகிறார்கள். சோபா உறைகளோ வடியாத சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மெஷினின் அடியிலிருந்த சிறு மூடியைத் திறந்து தண்ணீரைத் தட்டில் பிடித்தான்.

இந்த ஹிந்திக்காரனுக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது என்று மகள் ஜ்யோத்ஸ்னா அம்மாவிடம் ஆரம்பித்தாள்.

“தாடியும் கூலிங் கிளாஸுமா ஒரு மாப்பிள்ளை ஃபோட்டோ. இவனெல்லாம் வீட்டுல ஒரு டம்ளரையாவது நகர்த்துவானாம்மா? எனக்கு வேண்டாம்.”

“அப்போ அவன்கிட்டயே சொல்லிடு. நான் கட்டாயப்படுத்தலை.”

“முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?”

பம்ப் வடிகட்டியிலிருந்து ஒரு ஹேர்பின்னையும் குழந்தைக் காலுறை போல் சுருங்கிப்போன கைக்குட்டையையும் அவன் உருவி எடுத்தான். மெஷின் கடகடவென்று தண்ணீரை வெளியே தள்ளியது.

மறுபடியும் பெல். வாசலில் கருவிப் பையோடு ஒருவர், “மெஷின் ரிப்பேர்?” என்றார் ஹிந்தியில்.

சுந்தரவல்லி மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் கௌஷிக், ஆன்ட்டி” என்றான் அவன், நல்ல தமிழில். “தாடியைக் காலையிலதான் எடுத்தேன். யாருன்னு சொல்ல நீங்க நேரமே தரலை. நான் முன்னாடியே வந்துட்டேன்; அம்மா, அப்பா மலை மந்திர் கோவில்ல அர்ச்சனை முடிச்சுட்டு வந்துட்டிருக்காங்க.” பிறகு ஜ்யோத்ஸ்னாவிடம் தயங்கியபடி கேட்டான்: “வர வேண்டாம்னு ஃபோன் பண்ணிடவா?”

ஜ்யோத்ஸ்னா அவன் ஈரக் கையைத் துடைக்க ஒரு துண்டை நீட்டினாள்.

“எதுக்கு? அவங்க மெதுவாவே வரட்டும்.”