அறுநூறுன்னா அறுநூறு

"அஞ்சு நிமிசங்கூட ஆவல. அதுக்கு அறுநூறா? இன்னா நைனா, என்னியப் பாத்தா எப்டித் தெரியுது?"

கோவில்பதாகையில் ஒரு வீட்டு மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றிருந்த மெக்கானிக் ராயப்பன் ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். கேட்டது வீட்டுக்கார அம்மா, சொர்ணம்மாள். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்று காலையில் கூப்பிட்டிருந்தாள். குழாய்க்குள் காற்று அடைத்திருந்தது. அதைத் திறந்துவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினார். மேலே தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வேலை அவ்வளவுதான்.

இதற்கு இத்தனை வருஷமும் இருநூறுதான் வாங்கிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன். ஏரியா வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, 'உழைப்புக்கேற்ற விலை' என்ற ஆன்லைன் வகுப்பில் போன வாரம்தான் சேர்ந்தார். பாடம் நடத்தும் மேடத்தின் முகம் திரையில் வராது. படங்களும், அட்சர சுத்தமான குரலும்தான். 'நிமிடங்களுக்கு விலை வைக்காதீர்கள், கற்ற வருடங்களுக்கு விலை வையுங்கள்' என்று அந்தக் குரல் சொன்னது அவருக்கு மனப்பாடம்.

புது ரேட்டு அறுநூறு. அதற்கு இன்றுதான் போணி. முதல் ஆளிடமே இறங்கிவிட்டால் தொழிலை விட்டுவிட்டு, செம்பரம்பாக்கம் குடோனில் மச்சான் பார்த்து வைத்திருக்கும் வேலைக்குப் போய்விடுவதாக மனைவி தெரசாவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

"அஞ்சு நிமிசந்தான் மேடம். ஆனா அத்தக் கத்துக்க பதினெட்டு வருசம் ஆச்சு," என்றார், பாடம் ஒப்பிப்பதுபோல.

சொர்ணம்மாள் அசரவில்லை. பதினெட்டு வருஷத்துக்கும் நான் ஒருத்திதான் காசு கட்டணுமா என்று கேட்டாள். அடுத்த தெருவில் ஒருவன் நூற்றைம்பதுக்குச் செய்கிறான் என்றாள். ரிப்பேரான மிக்ஸியும் தருகிறேன், ஓரகத்தி வீட்டு மோட்டாரையும் பார்க்கச் சொல்கிறேன் என்று ஆசை காட்டினாள். ராயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இருநூத்தம்பது கைல கீது. வோணும்னா வாங்கிக்கோ. இல்லாட்டி, நீ தொறந்துவுட்ட காத்த மறுபடி உள்ள அடச்சுட்டுப் போ."

இதற்கு வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை. ராயப்பன் வாங்கிக்கொண்டார். தனக்குப் பதினோரு மணிக்கு வேலை இருக்கிறது, கேட்டைச் சாத்திக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று மாடியேறிவிட்டாள்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பதினெட்டு வருஷத் தொழில், பத்து நிமிஷத்தில் போச்சு. மச்சானுக்குப் போன் போடலாம் என்று கைப்பேசியை எடுத்தார். மணி பதினொன்று. வகுப்பு ஆரம்பித்திருந்தது. கட்டின காசுக்குக் கடைசியாக ஒரு தடவை கேட்டுத் தொலைப்போம் என்று காதில் மாட்டிக்கொண்டார்.

"நண்பர்களே, இன்று விலையை எப்படி இழக்கக் கூடாது என்று பார்ப்போம்," என்றது குரல். "சற்று முன் என் வீட்டு மோட்டாரைச் சரிசெய்ய ஒருவர் வந்தார். அறுநூறு ரூபாய் கேட்டார். நியாயமான விலைதான். ஆனால் பாருங்கள், பத்தே நிமிடத்தில் இருநூற்றைம்பதுக்கு இறங்கிவிட்டார். நீங்கள் ஒருநாளும் செய்யக் கூடாத தவறு இது."

ராயப்பன் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வகுப்பிலிருந்த நாற்பது பேருக்கும் கேட்கும்படி மைக்கைத் திறந்தார்.

"மேடம், அந்த ஆளு இன்னும் உங்க ஊட்டு கேட்டாண்டதான் கீறான். நியாயமான வெலைல பாக்கி முந்நூத்தம்பது. மேலேர்ந்து போட்றீங்களா, நான் ஏறி வரட்டா?"