அமலதாஸுக்குப் பதைக்குது

“மனசு பதைக்குது” என்று சொல்லி, அமலதாஸ் வேனை ஓரமாக நிப்பாட்டினார்.

மடு மாதா திருவிழாவுக்குக் கண்டி மஹய்யாவையிலிருந்து புறப்பட்ட வேன். அக்குறணையில் ஒருமுறை பதைத்தது. மாத்தளையில் ஒருமுறை. இப்போது நாவுலவில், ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில்.

“அண்ணே, ஒங்க மனசுக்குத்தான் மொதல்ல பிரேக் பாக்கணும்!” என்றான் பின் சீட்டிலிருந்து அன்ட்ரூ. வேன் முழுக்கச் சிரிப்பு.

பயணத்தை ஏற்பாடு செய்த ஷாமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“சாயந்தர வெஸ்பர் ஆராதனைக்கு முந்திப் போய்ச் சேரணும், அண்ணே. இப்பிடியே போனா கொடி எறக்குறதுக்குத்தான் போவோம்.”

“கொஞ்ச நேரம், தங்கச்சி. ஏதோ கெட்டது நடக்கப் போற மாதிரி இருக்கு. எல்லாரும் எறங்கி ஒரு பிளேன்டீ குடிங்க.”

ஷாமலாவுக்கு எரிச்சல் பொங்கியது.

‘பதைக்குது’ அவளுடைய அம்மாவின் சொல். அப்பா வேலையிடத்தில் விழுந்த அன்று, செய்தி வருமுன்னே அடுப்படியில் நின்று அம்மா அப்படிச் சொன்னாள். வரப்போகும் கெடுதியை நெஞ்சு முந்திக்கொண்டு அறியும்போது மட்டும் சொல்ல வேண்டிய சொல். அம்மா போன பிறகு அதை அப்படிச் சொல்ல ஆளில்லை. இந்த மனுசன் அதைக் கடைக்குக் கடை சிந்திக்கொண்டு வருகிறார்.

அடுத்த வருசம் வேறு வேன்தான். சொல்லிவிடுவதென்று இறங்கினாள்.

கடையின் பின்பக்கத்திலிருந்து சேலையைச் சரிசெய்தபடி வந்தார், வேனில் கூட வந்த யோசப்பீன் அக்கா.

“நல்ல வேள, தாஸுக்குப் பதைச்சிச்சு. வர வர எனக்கு அடக்க முடியல, பிள்ள. இத்தன ஆம்பிளைங்க இருக்கிற வேன நிப்பாட்டச் சொல்ல ஏலுமா? இதுக்குப் பயந்துதான் போன வருசம் வரல. மாதாதான் அவருக்கு நேரம் பாத்து எடுத்துக் குடுக்குறா.”

ஷாமலா அமலதாஸிடம் போனாள்.

“மாதாவா அண்ணே எடுத்துக் குடுக்குறா?”

அவர் வேனின் உள் கண்ணாடியைத் துடைத்தார். “அக்கா முந்தானைய முறுக்கத் தொடங்கினா இதுல தெரியும்.”

“அதுக்காகக் கோயிலுக்குப் போற வழியில பொய்யா? அது எங்கம்மா சொன்ன சொல்லு. அவங்க சும்மா சொல்ல மாட்டாங்க.”

“அவங்ககிட்டதான் இதப் பழகினேன். எங்கப்பா லொறியில மடுவுக்குப் போவோமே, ஞாபகம் இருக்கா? பாணும் சீனிச்சம்பலும் கட்டிக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு…”

“மறக்குமா? அம்மா ‘பதைக்குது’ன்னு லொறிய நிப்பாட்டுவாங்க. சனம் எல்லாம் பரிகாசம் பண்ணும். எனக்கு வெக்கமா இருக்கும்.”

“ஒவ்வொரு தடவையும், நீ வாந்தி எடுக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி.”

வேன் புறப்பட்டது. ஷாமலா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தம்புள்ளை தாண்டியதும் அதில் ஒரு முந்தானை முறுகியது. அமலதாஸ் வாயைத் திறந்தார்.

“இனியும் பதைச்சா நாங்க நடந்தே போயிருவோம்!” என்று கத்தினான் அன்ட்ரூ.

“நிப்பாட்டுங்க, அண்ணே” என்றாள் ஷாமலா. “எனக்குப் பதைக்குது.”