அதே நம்பர்

"இதோ, கிளம்பிட்டேன் மேனேஜர் சார்!" மடக்கு போனைக் காதில் வைத்தபடியே ஷிகேயோ மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு, பட்டென்று அதை மூடினார்.

"நீங்க குனியறது அவருக்குத் தெரியவா போகுது?" சிரித்தபடி சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள் மனைவி சவாகோ. "அந்தப் பழசைத் தூக்கிப் போடுங்களேன்."

"ஐயையோ! ஆபீஸ்ல எல்லாரும் இந்த நம்பர்லதான் கூப்பிடுவாங்க." ரயிலைப் பிடிக்க ஓடினார்.

அதே நம்பரில் புதுப் போன் வாங்கி அவரை அசத்த நினைத்த சவாகோ, மதியமே நகோயா கடைத்தெருவுக்குப் போனாள்.

நம்பரைத் தட்டிப் பார்த்த கடைப்பெண் தலை தாழ்த்தினாள். "மன்னிச்சுக்கோங்கம்மா. இந்த மாதிரி பழைய போனுக்கெல்லாம் மார்ச்சோட சிக்னலை நிறுத்திட்டாங்க. மூணு மாசமா இதுல யாருமே பேசியிருக்க முடியாது."

"காலையிலகூட மேனேஜர்கிட்ட பேசினாரே..." என்றாள் சவாகோ.

மூன்று மாதமாக அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்?